ஒரு பக்கம் பி.எஃப்., மறுபக்கம் கார்டு நிலுவை: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

தனியார் நிறுவனம் ஒன்றின் சம்பளப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஏப்ரலில் வி.பி.எஃப். (பி.எஃப். எனும் வருங்கால வைப்பு நிதியில் கட்டாயப் பிடித்தத்துக்கு மேல் நாமே விரும்பிப் போடுவது) தொகையை உயர்த்தச் சொல்லிப் படிவம் கொடுத்தவரே, ஜூனில் பள்ளிக் கட்டணம் வந்ததும் பி.எஃப். முன்பணம் எடுக்க வழி கேட்டு வந்து நிற்பதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். விசாரித்தால் நடுவில் ஒரு கிரெடிட் கார்டு இருக்கும். ஓய்வுக்காலத்துக்கு ஆண்டுக்கு எட்டு சதவீதத்தில் சேர்த்துக்கொண்டே, கார்டுக்கு மாதம் நான்கு சதவீதம் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். எல்லோரும் உழைப்பாளிகள், ஊதாரிகள் அல்ல. அதனால்தான் இதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

அப்படி வருபவர்களோடு உட்கார்ந்து ஸ்டேட்மென்ட்டை வரிவரியாகப் பார்த்ததில் சேர்ந்த குறிப்பு இது. உங்களுக்குப் பொருந்தும் அறிகுறிக்கு நேராகப் போகலாம். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத திருத்தம் முதலில் வரும், இழப்போடு செய்ய வேண்டியது கடைசியில் வரும். எல்லா இடத்திலும் நான் பிடிவாதமாக நிற்பது ஒன்றில்தான்: புதிதாகப் போடும் விருப்பச் சேமிப்பைத் தற்காலிகமாக நிறுத்தலாம், ஏற்கெனவே போட்டதைக் கலைக்கக் கூடாது. விதிவிலக்குகளை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

முதலில் இவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: எல்லா கார்டுகளின் கடைசி மூன்று மாத ஸ்டேட்மென்ட், சம்பளச் சீட்டு, பி.எஃப். பாஸ்புக், சம்பளம் வரும் வங்கிக் கணக்கின் மூன்று மாத விவரம். ஒரு மாதத்தை மட்டும் பார்த்தால் "இந்த மாதம் கொஞ்சம் செலவு கூடிவிட்டது" என்று தோன்றும். மூன்று மாதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்தச் சமாதானம் நிற்காது.

## அறிகுறி 1: மாதாமாதம் கட்டுகிறேன், நிலுவை அசையவில்லை

ஆட்டோ டெபிட் எந்தத் தொகைக்கு என்று பாருங்கள். கார்டு வாங்கும்போது வங்கி ஊழியர் "குறைந்தபட்சத் தொகை" என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கொடுத்திருப்பார். நீங்கள் முழுத் தொகையும் போகிறது என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். வங்கியின் செயலியில் இதை மாற்றிவிடலாம். முதலில் இங்கே பார்ப்பது நல்லது, ஏனென்றால் இதுவே காரணமாக இருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம்.

நிலுவை உள்ள கார்டிலேயே புதிய செலவும் போகிறதா? போன மாத பில்லில் ஒரு பகுதி பாக்கி இருந்தால், இந்த மாதம் வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாக் காலம் கிடையாது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். "45 நாள் வட்டி இல்லை" என்பது முழுத் தொகையையும் கட்டுகிறவருக்கு மட்டுமே. ஆகவே நிலுவை தீரும்வரை அந்தக் கார்டைச் செயலியில் முடக்கிவிடுங்கள். பெட்ரோல், மளிகை, மொபைல் கட்டணம் எல்லாம் சம்பளக் கணக்கிலிருந்து நேரடியாகப் போகட்டும். கார்டோடு இணைத்து வைத்த சந்தாக்களையும் ஒவ்வொன்றாக எடுங்கள், அவைதான் கண்ணில் படாமல் ஓடிக்கொண்டிருப்பவை.

கேட்காத கட்டணம் ஏதாவது? கார்டுப் பாதுகாப்புத் திட்டம், காப்பீடு, ஆண்டுக் கட்டணம் என்று சிறிய வரிகள் இருக்கலாம். உங்கள் சம்மதம் இல்லாமல் சேர்த்ததை எழுத்துமூலம் கேட்டால் திருப்பித் தர வேண்டும். தாமதக் கட்டணத்தையும் பாருங்கள்: கெடு நாளுக்குப் பிறகு மூன்று நாள்வரை அதைப் போடக் கூடாது என்பதும், போட்டாலும் கட்டாமல் விட்ட பாக்கிக்கு மட்டுமே போட வேண்டும், மொத்த பில்லுக்கு அல்ல என்பதும் ரிசர்வ் வங்கியின் விதி.

குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டுகிறீர்களா? பெரும்பாலும் கோளாறு இங்கேதான். ஒரு ஸ்டேட்மென்ட்டை நெருங்கிப் பார்ப்போம். நிலுவை 1,00,000 ரூபாய். மாத வட்டி 3.5 சதவீதம், அதாவது 3,500 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 630 ரூபாய். மொத்தம் 4,130. குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம் என்றால் நீங்கள் கட்டுவது 5,000. வங்கி முதலில் வரியையும் வட்டியையும் எடுத்துக்கொள்ளும். அசலில் குறைவது 870 ரூபாய். ஒரு குடும்பம் தன் மாதச் செலவைச் சுருக்கிச் சுருக்கிச் சேர்த்த ஐயாயிரத்தில் கடனைத் தொட்டது அவ்வளவுதான். இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு அமைதியாகிவிட்ட பலரைப் பார்த்திருக்கிறேன். இது உங்கள் ஒழுங்கின்மையால் வந்ததல்ல. அந்தத் தொகை கணக்கிடப்படும் விதமே அப்படி. ஸ்டேட்மென்ட்டின் அடியில் சிறிய எழுத்தில், குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் கடன் ஆண்டுக்கணக்கில் நீளும் என்ற எச்சரிக்கையே அச்சாகியிருக்கும்.

செய்ய வேண்டியது: இனிமேல் "குறைந்தபட்சத் தொகை" வரியைப் பார்க்காதீர்கள். வட்டியும் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்த தொகையைக் கண்டுபிடியுங்கள். அதைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாமல் ஒரு நிலையான தொகையை முடிவு செய்து, நிலுவை குறைந்தாலும் அந்தத் தொகையைக் குறைக்காமல் கட்டுங்கள்.

இ.எம்.ஐ.யாக மாற்றலாமா? வங்கி தரும் வட்டி கார்டு வட்டியில் பாதிக்கும் கீழே இருந்தால் மாற்றலாம். ஆனால் இரண்டு விஷயங்களைக் கேட்டுவிட்டு மாற்றுங்கள். செயல்முறைக் கட்டணம் எவ்வளவு? இ.எம்.ஐ.யின் வட்டிப் பகுதிக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, அதைச் சேர்த்தால் உண்மையான தவணை எவ்வளவு? சாதாரண தனிநபர் கடன் வட்டிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அதனால் ஒரே வட்டி விகிதம் என்றாலும் தனிநபர் கடனே மலிவு.

சிலர், "30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்று தீர்ப்பு இருக்கிறதே" என்று கேட்பார்கள். 2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம் அப்படிச் சொன்னது உண்மை. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

எப்போது வெளி ஆளைக் கூப்பிட வேண்டும்: நீங்கள் செய்யாத பரிவர்த்தனை இருந்தால் அன்றே வங்கியில் புகார் கொடுங்கள். தவறான கட்டணத்துக்கு எழுதிக் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கும்படி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இணையத்தில் இலவசம், விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

## அறிகுறி 2: சேமிப்பும் போகிறது, கார்டு நிலுவையும் ஏறுகிறது

இதுதான் நான் அதிகம் காண்பது. இதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

தேதிகளைப் பாருங்கள். சம்பளம் 1ஆம் தேதி, எஸ்.ஐ.பி. (மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடும் தொகை) 5ஆம் தேதி, காப்பீட்டு பிரீமியம் 10ஆம் தேதி, கார்டு கெடு 22ஆம் தேதி. வங்கிக் கணக்கு விவரத்தில் 15ஆம் தேதிக்குப் பிறகு என்ன நடக்கிறது என்று விரல் வைத்துப் படியுங்கள். மளிகை, பெட்ரோல், மருந்து மூன்றும் கார்டுக்கு மாறியிருந்தால், அந்த எஸ்.ஐ.பி. உங்கள் சம்பளத்திலிருந்து போகவில்லை, கார்டுக் கடனிலிருந்து போகிறது. கார்டின் கெடு நாளைச் சம்பளத் தேதிக்கு அருகில் கொண்டுவர, பில்லிங் சுழற்சியை ஒரு முறையாவது மாற்றிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. இது இலவசம், ஆனால் பலர் கேட்பதே இல்லை.

வருமான வரியில் சேமிப்புக்குத் தரும் 80சி கழிவுக்காகப் போடுகிறீர்களா? "80சி நிரப்ப வேண்டும்" என்று மார்ச் மாதம் கார்டில் தேய்த்துக்கூட பிரீமியம் கட்டுகிறார்கள். நீங்கள் எந்த வரி முறையில் இருக்கிறீர்கள் என்று சம்பளச் சீட்டில் பாருங்கள். 2023-24 நிதியாண்டிலிருந்து நாம் தேர்ந்தெடுக்காவிட்டால் தானாகவே புதிய வரி முறைதான். அதில் பி.பி.எஃப். (வங்கியிலோ அஞ்சலகத்திலோ நாமே தொடங்கும் பொது வருங்கால வைப்பு நிதி), எல்.ஐ.சி., வரி சேமிப்பு ஃபண்டு எதற்கும் 80சி கழிவு இல்லை. இல்லாத வரிச் சலுகைக்காகக் கடனில் சேமித்தவர்கள் என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இப்போது எதை நிறுத்துவது, எதைத் தொடக் கூடாது?

தொடக் கூடாதவை: கட்டாய பி.எஃப். பிடித்தம், நிறுவனம் தன் பங்கையும் போடும் எந்தத் திட்டமும், டேர்ம் காப்பீடு (இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு), மருத்துவக் காப்பீடு. நீங்கள் ஒரு ரூபாய் போட்டால் நிறுவனம் ஒரு ரூபாய் போடுகிறது என்றால் அந்த லாபத்தைக் கார்டு வட்டியால்கூட வெல்ல முடியாது. மருத்துவக் காப்பீட்டை நிறுத்திக் கார்டை அடைத்தவர், ஒரு மருத்துவமனைச் செலவில் பழைய நிலுவையைப் போலப் பல மடங்கைத் தலையில் ஏற்றிக்கொள்வார்.

நிறுத்தலாம் என்பவை: முதலில் வி.பி.எஃப். அடுத்து எஸ்.ஐ.பி.; அதை ரத்து செய்யாமல் "இடைநிறுத்தம்" கேளுங்கள். பணமில்லாமல் திரும்பினால் வங்கி அபராதம் போடும், அதனால் பாதியில் விடாமல் முறையாக நிறுத்துங்கள். பி.பி.எஃப். கணக்கில் ஆண்டுக்கு 500 ரூபாய், என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்) கணக்கில் ஆண்டுக்கு 1,000 ரூபாய் போட்டால் போதும், கணக்கு உயிரோடு இருக்கும். பி.பி.எஃப்.பில் ஒன்றரை லட்சம் என்பது மேல் வரம்பு; அதைக் கட்டாயத் தொகை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

கணக்கு சரியா என்று நீங்களே சோதியுங்கள். 5,000 ரூபாயை ஓராண்டுக்கு பி.பி.எஃப்.பில் போட்டால் 7.1 சதவீதத்தில் 355 ரூபாய் வரும். அதே 5,000ஐக் கார்டு நிலுவையில் கட்டினால், மேலே சொன்ன வட்டியிலும் ஜி.எஸ்.டி.யிலும், கூட்டுவட்டி பார்க்காமலே 2,478 ரூபாய் மிச்சம். பங்குச் சந்தை ஃபண்டு நல்ல ஆண்டில் தருவதைச் சேர்த்தாலும் இந்த இடைவெளியை நிரப்ப முடியாது.

"சரி, ஆனால் ஓய்வுக்காலச் சேமிப்பு பின்தங்கிவிடுமே" என்பதுதான் எல்லோருடைய பயமும். நியாயமான பயம். அதற்கும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிலுவை 1,20,000 ரூபாய். மாதம் 15,000 ரூபாய் ஒதுக்க முடிகிற ஒருவர்.

முதல் வழி: 10,000 கார்டுக்கு, 5,000 எஸ்.ஐ.பி.க்கு. கார்டு தீர 17 மாதம் ஆகும். அந்தப் 17 மாதத்தில் எஸ்.ஐ.பி.யில் போட்டது 85,000. ஆண்டுக்கு 12 சதவீதம் வளர்ச்சி என்று தாராளமாக வைத்தாலும் ஏறத்தாழ 92,000 ரூபாய் இருக்கும்.

இரண்டாம் வழி: எஸ்.ஐ.பி.யை நிறுத்தி 15,000 முழுவதும் கார்டுக்கு. 10 மாதத்தில் தீர்ந்துவிடும். மீதமுள்ள 7 மாதமும் 15,000 முழுவதும் எஸ்.ஐ.பி.க்கு. போட்ட பணமே 1,05,000.

அதே 17ஆம் மாதத்தில், நிறுத்தியவரிடம்தான் ஓய்வுக்காலப் பணம் அதிகம். ஆனால் இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது, எல்லாம் அதில்தான் தொங்குகிறது: 11ஆவது மாதத்தில் அந்த 15,000 எஸ்.ஐ.பி.க்கு உண்மையாகவே போக வேண்டும். போகாவிட்டால் முதல் வழியே நல்லது. அதனால் நிறுத்தும் நாளிலேயே, திரும்பத் தொடங்கும் மாதத்தை மனைவியிடமோ கணவரிடமோ சொல்லிவிடுங்கள், மொபைலில் நினைவூட்டல் வைத்துவிடுங்கள். எங்கள் அலுவலகத்தில் வி.பி.எஃப். நிறுத்தப் படிவம் கொடுப்பவரிடம், எந்த மாதத்திலிருந்து மீண்டும் பிடிக்க வேண்டும் என்றும் எழுதி வாங்கிக்கொள்கிறேன். விதியில் இல்லாத வழக்கம்தான். ஆனாலும் விடுவதாக இல்லை.

நிறுத்த வேண்டாத இடம்: நிலுவை இரண்டு மூன்று மாதத்தில் தீர்ந்துவிடும் அளவு சிறியது என்றால் எதையும் மாற்றாதீர்கள். கார்டு நிலுவையை 10, 12 சதவீத நகைக் கடனாகவோ தனிநபர் கடனாகவோ மாற்றிவிட்டீர்கள் என்றாலும் இரண்டையும் சேர்த்தே ஓட்டலாம். மேலே சொன்ன 1,20,000ஐ மாதம் ஒரு சதவீத நகைக் கடனுக்கு மாற்றினால், 10,000 தவணையிலேயே 13 மாதத்தில் முடியும்; எஸ்.ஐ.பி. நிற்க வேண்டியதில்லை.

வெளி ஆள்: பழைய எண்டோவ்மென்ட் பாலிசியை (சேமிப்பும் சேர்ந்த ஆயுள் காப்பீடு) சரண்டர் செய்து பணத்தைத் திரும்ப வாங்குவதா, மேற்கொண்டு பிரீமியம் கட்டாமல் குறைந்த தொகையோடு பெய்டு-அப் ஆக்குவதா, அதன்மேல் கடன் வாங்குவதா என்பதை நீங்களே முடிவு செய்யாதீர்கள். அந்த பாலிசியை விற்ற முகவரிடமும் கேட்காதீர்கள். பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியில் பதிவு பெற்ற, கமிஷன் வாங்காமல் கட்டணம் மட்டும் வாங்கும் ஆலோசகரிடம் ஒரு முறை உட்காருங்கள்.

## அறிகுறி 3: பி.எஃப். பணத்தை எடுத்து அடைத்துவிடலாம் என்று தோன்றுகிறது

தோன்றுவது இயல்பு. கையில் இருக்கும் பெரிய தொகை அதுதான். எடுப்பதற்கு முன் இந்த வரிசையில் தேடுங்கள்.

வங்கியில் நிலையான வைப்பு (எஃப்.டி.), மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு (ஆர்.டி.) இருக்கிறதா? ஏழு சதவீத வைப்பை வைத்துக்கொண்டு கார்டு வட்டி கட்டுபவர்கள் வியக்கும் அளவுக்கு அதிகம். ஒரு மாதச் செலவுக்கு மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை உடையுங்கள். முன்கூட்டி உடைப்பதற்கான அபராதம் கார்டின் ஒரு மாத வட்டியைவிடச் சிறியது.

சீட்டு போட்டிருக்கிறீர்களா? பதிவு பெற்ற நிறுவனத்தின் சீட்டு என்றால், தள்ளுபடி எவ்வளவு போகிறது என்று பார்த்து ஏலம் எடுத்து அடைக்கலாம். எடுத்த பிறகும் தவணை தொடரும் என்பதை மாதக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டில் நகை இருக்கிறதா? நம் வீடுகளில் இதைச் சொன்னதும் முகம் மாறும். ஆனால் ஒரு லட்சத்துக்கு மாதம் 1,000 ரூபாய் வட்டிக்கும் 4,130 ரூபாய்க்கும் உள்ள தூரத்தை மனைவி முன்னால் எழுதிக் காட்டினால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ வையுங்கள், அடகுக் கடையில் வேண்டாம். வட்டி மட்டும் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே போனால் நகை ஏலத்துக்குத்தான் போகும். கார்டுக்குக் கட்டிய அதே தவணையை நகைக் கடனுக்கும் கட்டுங்கள்.

பி.பி.எஃப். கணக்கு மூன்றாவது ஆண்டுக்கும் ஆறாவது ஆண்டுக்கும் இடையில் இருக்கிறதா? அப்படியானால் அதன்மேல் கடன் கிடைக்கும்: இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய இறுதி இருப்பில் 25 சதவீதம் வரை, கட்ட வேண்டிய வட்டி ஆண்டுக்கு 1 சதவீதம், 36 மாதத்தில் அசலைத் திருப்ப வேண்டும். கணக்கைக் கலைக்காமல் பயன்படுத்தும் வழி இது. எல்.ஐ.சி. பாலிசிக் கடனும் இதே வகை.

தனிநபர் கடன். சிபில் (கடனைத் திருப்பிக் கட்டும் வழக்கத்துக்கான மதிப்பெண்) நன்றாக இருக்கும்போதே கேளுங்கள். ஒரு தவணை தவறிய பிறகு கேட்டால் வட்டி ஏறிவிடும், அல்லது கடனே கிடைக்காது. உடனடிக் கடன் தரும் செயலிகள் பக்கமே போகாதீர்கள். கந்து வட்டிக்கு வாங்கிக் கார்டை அடைப்பதும், கடையில் கார்டைத் தேய்த்துக் கமிஷன் கொடுத்துக் காசு வாங்கி இன்னொரு கார்டுக்குக் கட்டுவதும் ஓட்டைப் பானைக்குத் தண்ணீர் இறைப்பதுதான்.

இவ்வளவுக்கும் பிறகுதான் பி.எஃப். அப்போதும் இவற்றைப் பாருங்கள்:

*தொடர்ச்சியான பணிக்காலம் ஐந்து ஆண்டு ஆகிவிட்டதா?* ஆகாமல் கணக்கை மூடி முழுத் தொகையையும் எடுத்தால் வரி உண்டு; 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் பான் எண் இருந்தாலும் 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். பழைய நிறுவனத்தின் கணக்கைப் புதியதோடு இணைத்திருந்தால் இரண்டு பணிக்காலமும் சேர்த்தே எண்ணப்படும். அதனால் எதற்கும் முன் இணைப்பு நடந்திருக்கிறதா என்று பாஸ்புக்கில் பாருங்கள்.

*என்ன காரணம் எழுதப் போகிறீர்கள்?* கார்டு பாக்கிக்காக மருத்துவம் என்று பொய்க் காரணம் எழுதாதீர்கள். தவறாகப் பயன்படுத்திய முன்பணத்தைத் திரும்ப வசூலிக்க விதி இடம் தருகிறது. 2025 அக்டோபரில் பி.எஃப். அமைப்பின் மத்திய அறங்காவலர் குழு, பணம் எடுக்கும் விதிகளைத் தளர்த்தவும், 25 சதவீதத்தைக் குறைந்தபட்ச இருப்பாக வைக்கவும் முடிவு செய்தது. உங்கள் கணக்குக்கு இப்போது எது பொருந்துகிறது என்று இணையதளத்தில் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். எடுப்பது எளிதாகிறது என்பதால் எடுப்பது சரி என்று ஆகிவிடாது.

*எடுக்கும் ஒரு லட்சம் என்னவாகியிருக்கும்?* இப்போதைய 8.25 சதவீதம் தொடர்ந்தால் 20 ஆண்டில் ஏறத்தாழ 4,88,000 ரூபாய். இந்த எண்ணைக் கேட்டதும் விண்ணப்பத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனவர்கள் உண்டு.

இன்னொன்றும் இருக்கிறது, பலருக்குத் தெரியாதது. பி.எஃப். பணத்தையும் பி.பி.எஃப். பணத்தையும் வங்கிக் கடனுக்காக நீதிமன்றம்கூட ஜப்தி செய்ய முடியாது என்று சட்டம் பாதுகாக்கிறது. யாராலும் தொட முடியாத பணத்தை நாமே எடுத்து, அடமானம் எதுவும் இல்லாத ஒரு கடனுக்குக் கொடுக்கிறோம்.

விதிவிலக்கு: வேலை போய், நகையும் இல்லை, வேறு கடனும் கிடைக்கவில்லை, குறைந்தபட்சத் தொகையும் கட்ட வழியில்லை என்றால், தேவையான அளவுக்கு மட்டும் எடுங்கள். அப்போதும் அறிகுறி 6ஐப் படித்துவிட்டு எடுங்கள்.

## அறிகுறி 4: அடைத்தாயிற்று, ஆறே மாதத்தில் மறுபடியும் நிலுவை

அவசரப் பணம் இல்லாமல் அடைத்தீர்களா? இருந்ததையெல்லாம் வழித்துக் கார்டில் போட்டுவிட்டால், அடுத்த மாதம் வண்டி பழுதானதும் அதே கார்டுதான் கையில் வரும். ஒரு மாத அத்தியாவசியச் செலவை வேறொரு வங்கிக் கணக்கில் வைத்துவிட்டு மிச்சத்தில் அடையுங்கள். வட்டி கொஞ்சம் கூடப் போனாலும் பரவாயில்லை.

ஆண்டுக்கு ஒரு முறை வரும் செலவுகளா? ஜூனில் பள்ளிக் கட்டணம், தீபாவளி, வண்டிக் காப்பீடு, ஊர்த் திருவிழா, சொத்து வரி. இவை எதிர்பாராதவை அல்ல. மூன்று மாத ஸ்டேட்மென்ட்டில் இந்தக் காரணம் தெரியாது, ஓராண்டை எடுங்கள். கூட்டி 12ஆல் வகுத்து ஆர்.டி. போடுங்கள். ஓய்வுக்காலச் சேமிப்பை மீண்டும் தொடங்குவதற்கு முன்பே இதைத் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. இது இல்லாமல் தொடங்கிய வி.பி.எஃப். அடுத்த ஜூனில் நின்றுவிடுகிறது.

கார்டின் கடன் வரம்பு அப்படியே இருக்கிறதா? ஒன்றுக்கு மேல் கார்டு இருந்தால் ஒன்றை மூடுங்கள். பாக்கி இல்லாத கார்டை மூடக் கேட்டால் ஏழு வேலை நாளில் மூட வேண்டும்; தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். உங்களிடம் கேட்காமல் வரம்பை உயர்த்தவும் கூடாது.

## அறிகுறி 5: ஓய்வுக்கு நாலைந்து வருடம்தான், கார்டு பாக்கியும் இருக்கிறது

ஐம்பதைத் தாண்டியவர்கள் இதைச் சொல்லத் தயங்குவார்கள். பெரும்பாலும் பிள்ளையின் படிப்புக்கோ பெண்ணின் கல்யாணத்துக்கோ பட்ட கடனாக இருக்கும்.

கார்டு பாக்கியை ஓய்வுக்குப் பின் கொண்டுபோகாதீர்கள். சம்பளம் நின்ற பிறகு மலிவான கடன் கிடைப்பது கடினம். அதனால் இப்போதே, சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே, தனிநபர் கடனாகவோ நகைக் கடனாகவோ மாற்றி, ஓய்வுத் தேதிக்கு ஓராண்டு முன்பே முடியும்படி தவணை வையுங்கள். கிராஜுவிட்டி (பணிக்கொடை) வந்ததும் கட்டிவிடலாம் என்று விட்டுவைத்தால், இன்றைய ஒரு லட்சம் நான்கு ஆண்டில் அந்த கிராஜுவிட்டியையே விழுங்கும்.

பி.எஃப். ஓய்வூதியத்தை 58க்கு முன்பே வாங்கி அடைக்கலாமா என்று கேட்பார்கள். 50 வயதிலிருந்து வாங்கலாம், ஆனால் முன்கூட்டி வாங்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் குறையும், அந்தக் குறைவு ஆயுள் முழுதும் நிற்கும். வேலையில் இருப்பவர் அதைத் தொட வேண்டியதில்லை.

இங்கே வெளி ஆளை முதலிலேயே கூப்பிடுங்கள். பிழையைத் திருத்திக்கொள்ள வருடங்கள் இல்லாத வயதில், கட்டண ஆலோசகருக்குக் கொடுக்கும் பணம் வீண் அல்ல. பிள்ளைகள் சம்பாதித்தால் அவர்களிடமும் சொல்லுங்கள். தெரிந்ததும் தாங்களே ஏற்றுக்கொண்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

## அறிகுறி 6: குறைந்தபட்சத் தொகையும் கட்ட முடியவில்லை

எல்லா விருப்பச் சேமிப்பையும் இன்றே நிறுத்துங்கள். பிறகு வங்கிக்கு நீங்களே முதலில் போங்கள். குறைந்தபட்சத் தொகை 90 நாளுக்கு மேல் கட்டப்படாவிட்டால் கணக்கு வாராக்கடனாகிவிடும். அதற்கு முன் போனால் வட்டி குறைத்துத் தவணையாக மாற்றிக் கேட்க இடம் இருக்கிறது. எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள்.

வசூல் ஆட்கள் மிரட்டுகிறார்களா? காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அவர்கள் அழைக்கக் கூடாது. "பி.எஃப்.பை முடக்கிவிடுவோம்" என்பது வெறும் மிரட்டல். கார்டு பாக்கி சிவில் கடன். அதற்காகப் போலீஸ் கைது செய்யாது. ஆனால் தவணைக்காகக் கொடுத்த காசோலையோ ஆட்டோ டெபிட்டோ பணமின்றித் திரும்பினால் அது தனி வழக்காகலாம். அதனால் கணக்கில் பணம் இருக்காது என்று தெரிந்தால் வங்கியிடம் முன்பே சொல்லி மாற்றுங்கள்.

"பாதிக் கட்டினால் முடித்துக்கொள்கிறோம்" என்கிறார்களா? அப்படி முடித்தால் சிபில் அறிக்கையில் "செட்டில்டு" என்று பதியும். அடுத்த வீட்டுக் கடனுக்கு அது தடையாக நிற்கும். முழுவதும் கட்ட வாய்ப்பே இல்லை என்றால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். அந்தத் தொகைக்காக பி.எஃப். எடுப்பது என்றால், வங்கியின் கடிதம் கைக்கு வந்த பிறகே எடுங்கள், தொலைபேசிப் பேச்சை நம்பி எடுக்காதீர்கள். முன்பணம் கேட்டு "உங்கள் கடனை நாங்கள் முடித்துத் தருகிறோம்" என்று வரும் இடைத்தரகர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

உடனே கூப்பிட வேண்டியவர்கள்: நீதிமன்ற நோட்டீஸ் வந்தால் வழக்கறிஞர். கட்டணம் கொடுக்க முடியாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேட்கலாம்; மக்கள் நீதிமன்றத்தில் கார்டு பாக்கி வழக்குகள் பேசி முடிக்கப்படுகின்றன. செலவு, வருமானம், கடன் மூன்றையும் சேர்த்து யாராவது பார்த்துச் சொன்னால் நல்லது என்றால், மாவட்ட முன்னோடி வங்கி நடத்தும் நிதிக் கல்வி மையத்தில் காசு வாங்காமல் ஆலோசனை தருவார்கள். தூக்கமின்றி, சாப்பாடின்றி, யாரிடமும் சொல்லாமல் இதைச் சுமந்துகொண்டிருந்தால் இன்று இரவே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், அல்லது 104 என்ற எண்ணுக்கு அழையுங்கள். மற்ற எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கடைசித் தவணை கட்டிய பிறகு நிலுவையில்லாச் சான்று வாங்குங்கள். ஒரு மாதம் கழித்து சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள், ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கை இலவசம். பாக்கி இன்னும் காட்டினால் திருத்தக் கோருங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு கேட்கலாம். அதற்கு அந்தச் சான்றின் நகல்தான் ஆதாரம்.